நட்சத்திர வீரர் "என்னை வேறு அணிக்கு அனுப்புங்கள்" என்று கேட்பது நியாயமா? என்பிஏ டிரேட் பற்றி ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கும் யாருக்கும் சீக்கிரமே ஒரு குழப்பம் வரும். ஒரு வீரர் ஐந்து வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறார், கோடிக்கணக்கில் டாலர் வாங்குகிறார், இரண்டே வருடத்தில் "எனக்கு இங்கே இருக்க விருப்பமில்லை, வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள்" என்கிறார், அணியும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு மாற்றிவிடுகிறது. அப்படியானால் போட்ட கையெழுத்துக்கு என்ன அர்த்தம்? அந்த ஊர் ரசிகர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேட்பது பெரும்பாலும் நியாயம்தான். எப்போது கேட்கிறார், கேட்டுவிட்டு எப்படி நடந்துகொள்கிறார் என்பதில்தான் சிலர் அநியாயம் செய்கிறார்கள். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்க, அந்த லீக்கில் ஒரு வீரர் எப்படி ஓர் அணிக்குள் வருகிறார், எப்படி வெளியே போகிறார் என்பது தெரிய வேண்டும்.

அணி கேட்டுவிட்டுச் செய்வதில்லை

நம்மூரில் ஐபிஎல் பார்ப்பவர்களுக்கு டிரேட் என்ற சொல் பழக்கமானதுதான், ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. ஐபிஎல்லில் ஒரு வீரரை டிரேட் செய்ய அவருடைய சம்மதம் தேவை. 2025 நவம்பரில் சஞ்சு சாம்சன் சென்னைக்கும், ஜடேஜாவும் சாம் கரனும் ராஜஸ்தானுக்கும் மாறியபோதும் அந்த விதிதான். என்பிஏவில் அந்தப் பேச்சே கிடையாது. வீரரின் ஒப்பந்தம் அணியின் கையில் இருக்கும் ஒரு சொத்து, அதை அணி இன்னொரு அணிக்குக் கொடுக்கலாம், வாங்கலாம். இன்று இரவு மயாமியில் ஆடியவரை நாளை காலை யூட்டாவுக்குப் போ என்று சொல்லலாம். மனைவியின் வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், போன மாதம் வாங்கிய வீடு, எதையும் யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. சம்பளம் மட்டும் குறையாது; ஒப்பந்தம் அப்படியே புது அணிக்குப் போகும்.

"என் சம்மதம் இல்லாமல் என்னை டிரேட் செய்யக் கூடாது" என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்க ஒரு வழி இருக்கிறது. ஆனால் அதற்கு லீக்கில் எட்டு வருடமாவது ஆடியிருக்க வேண்டும், அதில் நான்கு வருடமாவது அதே அணிக்கு ஆடியிருக்க வேண்டும், அதற்கு மேல் அணியும் ஒப்புக்கொள்ள வேண்டும். பெரும்பாலான அணிகள் ஒப்புக்கொள்வதில்லை. அதனால் அப்படி எழுதி வாங்கியவர்கள் மிகவும் குறைவு.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு லூகா டான்சிச்சின் கதையைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. ஸ்லொவீனியாக்காரர், 19 வயதில் டல்லாஸ் மாவெரிக்ஸுக்கு வந்தவர், 2020 முதல் 2024 வரை தொடர்ந்து ஐந்து முறை லீக்கின் சிறந்த ஐவரில் ஒருவராகத் தேர்வானவர், 2024இல் டல்லாஸை இறுதிப்போட்டி வரை கொண்டுபோனவர். 25 வயது. டிரேட் கேட்கவே இல்லை. 2025 பிப்ரவரி முதல் தேதி இரவு, அவரை லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்து ஆண்டனி டேவிஸை வாங்கிக்கொண்டது டல்லாஸ். எல்லாம் முடிந்த பிறகுதான் அவருக்கே சொன்னார்கள். செய்தி வந்தபோது அதை வெளியிட்ட பத்திரிகையாளரின் சமூக ஊடகக் கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்றுதான் நிறையப் பேர் நினைத்தார்கள். இதில் பணமும் போனது. அதே அணியில் இருந்திருந்தால் அந்தக் கோடையில் ஐந்து வருடத்துக்கு ஏறக்குறைய 34.5 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்றுக்கு அவர் தகுதி பெற்றிருப்பார், அணி மாறியதால் அந்தத் தகுதி போய்விட்டது. பிறகு லேக்கர்ஸோடு மூன்று வருடத்துக்கு 16.5 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போட்டார். டல்லாஸ் ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே போராட்டம் நடத்தினார்கள், மாதக்கணக்கில் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெனரல் மேனேஜர் நிகோ ஹாரிசனை நீக்கு என்று கத்தினார்கள், அந்த நவம்பரில் அவர் நீக்கப்பட்டார். ஆனால் லூகா திரும்பி வரவில்லை, வர முடியாது.

இது மட்டும் இல்லை. 2017 கோடையில் பிளேக் கிரிஃபினைத் தக்கவைக்க கிளிப்பர்ஸ் அணி அவருடைய சட்டையை அரங்கத்தின் கூரையில் ஏற்றுவதுபோல ஒரு நிகழ்ச்சியே நடத்திக் காட்டியது, வாழ்நாள் முழுக்க நீ எங்கள் ஆள் என்று. அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார், 2018 ஜனவரியில் டெட்ராய்ட்டுக்கு டிரேட் செய்யப்பட்டார். டெமார் டிரோசன் ஒன்பது சீசன் டொராண்டோவுக்கு ஆடி, அங்கேயே இருக்க விரும்பி, 2018இல் சான் அன்டோனியோவுக்கு அனுப்பப்பட்டார். பதிலாக வந்த கவாய் லெனர்ட் 2019இல் டொராண்டோவுக்கு சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தார், அதனால் அணி செய்தது புத்திசாலித்தனம் என்று முடிந்துவிட்டது. அணி ஒருவரை அனுப்பினால் அது நிர்வாகத் திறமை, வீரர் போகிறேன் என்றால் அது விசுவாசமின்மை. இந்த இரட்டை அளவுகோல்தான் எனக்கு முதலில் உறுத்துகிறது.

வீரருக்குத் தேர்வு எப்போது கிடைக்கிறது?

சரி, பிடிக்காத அணியில் ஏன் சேர வேண்டும் என்று கேட்கலாம். அவர் சேர்வதில்லை, சேர்க்கப்படுகிறார். வருடாவருடம் நடக்கும் டிராஃப்ட்டில் முப்பது அணிகளும் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. பிளேஆஃப் போகாத 14 அணிகளுக்கு ஒரு குலுக்கல் உண்டு, அதில் மோசமாக ஆடிய அணிகளுக்கு வாய்ப்பு அதிகம். பலவீனமான அணி தேற வேண்டும் என்ற நல்ல நோக்கத்தில் வைத்த ஏற்பாடு. ஆனால் வீரரின் பக்கமிருந்து பாருங்கள். எவ்வளவு திறமைசாலியோ அந்த அளவுக்கு மோசமான அணிக்குப் போகும் வாய்ப்பு அதிகம்.

முதல் சுற்றில் தேர்வானவருக்கு நான்கு வருட ஒப்பந்தம், சம்பளம் முன்பே வகுக்கப்பட்ட அட்டவணைப்படி. அதில் கடைசி இரண்டு வருடமும் வேண்டுமா வேண்டாமா என்று அணிதான் முடிவு செய்யும். நான்கு வருடம் முடிந்ததும் சுதந்திரமா என்றால் அதுவும் முழுசாக இல்லை. வேறு அணி தரும் ஒப்பந்தத்தைப் பழைய அணி தானே தருகிறேன் என்று சொல்லிவிட்டால் அவர் அங்கேயேதான் இருக்க வேண்டும். அதனால் பெரும்பாலான நட்சத்திரங்கள் நான்காவது வருடத்துக்கு முன்பே அதே அணியோடு ஐந்து வருட நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். கூட்டிப் பார்த்தால் எட்டு, ஒன்பது வருடம். முட்டியோ குதிகாலோ போய்விட்டால் எல்லாம் முடிந்துவிடும் ஒரு விளையாட்டில், ஒருவருடைய நல்ல வயதில் பாதிக்கு மேல்.

டேவிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் 19 வயதில் நியூ ஆர்லியன்ஸ் அணி முதல் ஆளாக அவரைத் தேர்ந்தெடுத்தது. ஏழு சீசன் அங்கே ஆடினார். அதில் பிளேஆஃப் பார்த்தது இரண்டே முறை, ஜெயித்தது ஒரே ஒரு தொடர். 2019 ஜனவரியில், ஒப்பந்தத்தில் இன்னும் ஒன்றரை வருடம் உறுதியாக இருக்கும்போது, அடுத்த நீட்டிப்பில் கையெழுத்துப் போடப் போவதில்லை, டிரேட் செய்துவிடுங்கள் என்று அவருடைய ஏஜென்ட் ரிச் பால் பகிரங்கமாகச் சொன்னார். பகிரங்கமாகச் சொன்னதற்காக லீக் 50,000 டாலர் அபராதம் போட்டது. என் கணக்கில் இது நியாயமான கோரிக்கை. ஏழு வருடம் கொடுத்தாயிற்று, அணியால் சுற்றி ஒரு நல்ல கூட்டத்தைக் கட்ட முடியவில்லை, போகப் போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லி, பதிலுக்கு எதையாவது வாங்கிக்கொள்ள அணிக்கு நேரமும் கொடுத்திருக்கிறார். ஆனால் அந்த சீசனின் கடைசி ஆட்டத்துக்கு "அவ்வளவுதான் மக்களே" என்று அர்த்தம் வரும் வாசகம் போட்ட பனியனோடு வந்தாரே, அது வேண்டாத வேலை. ஏழு வருடம் டிக்கெட் வாங்கி வந்த ஜனங்கள் முன்னால் அதைச் செய்திருக்கக் கூடாது.

காத்திருக்காமல் ஏன் டிரேட் கேட்கிறார்கள்?

ஒப்பந்தம் முடியும்வரை இருந்துவிட்டு அப்புறம் சுதந்திரமாகப் போகலாமே? புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். அப்படிப் போகலாம், போயும் இருக்கிறார்கள். 2016இல் கெவின் டுரான்ட் ஒப்பந்தம் முடிந்து ஓக்லஹோமா சிட்டியிலிருந்து கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனார். அதுதான் நேர்மையான வழி என்று சொல்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: அப்போது ஓக்லஹோமாவுக்குக் கையில் கிடைத்தது ஒன்றுமே இல்லை. டிரேட் என்றால் பழைய அணிக்கு வீரர்களும் வருங்கால டிராஃப்ட் தேர்வுகளும், அதாவது வரும் வருடங்களில் புது வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளும், கிடைக்கும்.

வீரருக்கு இதில் லாபம் பண விஷயத்தில். என்பிஏவில் ஒவ்வொரு அணிக்கும் மொத்தச் சம்பளத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 2025-26 சீசனுக்கு அது சுமார் 15.46 கோடி டாலர். ஒருவருக்கு அதிகபட்சம் எவ்வளவு தரலாம் என்பதற்கும் வரம்பு இருக்கிறது. லீக்கில் எத்தனை வருடம் ஆடியிருக்கிறார் என்பதைப் பொறுத்து அணி வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதம். ஒரு வீரர் சுதந்திரமாக வேறு அணிக்குப் போக வேண்டுமானால் அந்த அணியின் வரம்பில் அவ்வளவு இடம் காலியாக இருக்க வேண்டும், நல்ல அணிகளில் அது இருக்கவே இருக்காது. ஆனால் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் வீரரோடு மறு ஒப்பந்தம் போட ஓர் அணி வரம்பைத் தாண்டலாம். பழைய பாஸ்டன் நட்சத்திரம் லாரி பேர்டின் பெயரால் பேர்ட் உரிமை என்று அதைச் சொல்கிறார்கள். டிரேட் ஆனால் அந்த உரிமையும் வீரரோடு சேர்ந்து புது அணிக்குப் போய்விடும். ஆக, டிரேட் வழியாகப் போனால் விரும்பிய இடமும் கிடைக்கும், முழுச் சம்பளமும் கிடைக்கும்.

இதிலேயே இன்னொரு விஷயமும் ஒளிந்திருக்கிறது. உச்சத் தொகை எல்லா அணிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், உலகத்திலேயே சிறந்த வீரரால்கூட "எனக்கு இரண்டு மடங்கு கொடு" என்று பேரம் பேச முடியாது. எந்த ஊர், யாரோடு ஆடுவது, யார் பயிற்சியாளர் என்பவை மட்டும்தான் அவர் பேரம் பேச மீதி இருக்கும் விஷயங்கள். அந்தப் பேரத்தையும் பேசாதே என்றால் அவரிடம் ஒன்றுமே இல்லை.

இந்த அவசரம் சில நேரம் வீரரையே கடிக்கும். கார்மெலோ ஆன்டனி 2011 பிப்ரவரியில் டென்வரிலிருந்து நியூயார்க்குக்குப் போயே தீருவேன் என்று நின்றார். இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் ஒப்பந்தம் முடிந்து தானாகவே போயிருக்கலாம், ஆனால் லீக்கின் சம்பள விதிகள் மாறவிருந்ததால் பணம் குறையும் என்ற பயம். நியூயார்க் அவரை வாங்க கலினாரி, சாண்ட்லர், ஃபெல்டன், மோஸ்காஃப் என்று பாதி அணியையே கொடுத்தது. அவர் போன பிறகு டென்வர் மீதமிருந்த 25 ஆட்டங்களில் 18ஐ ஜெயித்தது. கார்மெலோ இருந்த காலம் முழுக்க நியூயார்க் ஜெயித்த பிளேஆஃப் தொடர் ஒன்றே ஒன்று. தான் போகும் வீட்டைத் தானே காலி செய்துவிட்டுப் போய் உட்கார்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்துல் ஜப்பார் கேட்ட விதம்

இது ஏதோ இந்தத் தலைமுறையின் திமிர் என்று சொல்பவர்களுக்கு 1974ஐ ஞாபகப்படுத்த வேண்டும். கரீம் அப்துல் ஜப்பார், மில்வாக்கி பக்ஸ், அந்த நேரத்தில் உலகின் தலைசிறந்த வீரர். 1971இல் மில்வாக்கிக்கு சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தவர். நியூயார்க்கில் பிறந்து வளர்ந்து, லாஸ் ஏஞ்சலஸில் கல்லூரி படித்த அவருக்கு, முஸ்லிமாக மாறிய ஒரு கறுப்பினத்தவராக மில்வாக்கியில் தனக்கான வாழ்க்கை இல்லை என்று தோன்றியது. ஊர் மேல் குறை சொல்லவில்லை. அணி நிர்வாகத்திடம் தனியாகச் சொன்னார், நியூயார்க் அல்லது லாஸ் ஏஞ்சலஸ் என்றார். சொன்ன பிறகும் அந்த சீசனில் ஆடிய ஆட்டங்களில் சராசரியாக 30 புள்ளி எடுத்தார். மாதக்கணக்கில் விஷயம் வெளியே வரவில்லை. 1975 ஜூனில் லேக்கர்ஸுக்கு மாற்றினார்கள், அங்கே ஐந்து சாம்பியன்ஷிப் வென்றார். மில்வாக்கியும் வெறும் கையோடு நிற்கவில்லை. பதிலாக வந்த நால்வரில் பிரையன் வின்டர்ஸ், ஜூனியர் பிரிட்ஜ்மேன் இருவருடைய எண்களும் இன்று அந்த அரங்கத்தில் கௌரவமாக ஏற்றப்பட்டிருக்கின்றன, கரீமின் 33க்குப் பக்கத்தில். பிரிட்ஜ்மேன் பிறகு பெரிய தொழிலதிபராகி 2024இல் அதே அணியில் பத்து சதவீதப் பங்கையும் வாங்கினார்.

கரீம் அப்படிக் கேட்டதற்கு அன்று வேறு வழியும் இல்லை. அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் வீரர் அணிக்கே கட்டுப்பட்டவர். அதை எதிர்த்து 1970இல் வீரர் சங்கத் தலைவராக வழக்குப் போட்டவர் ஆஸ்கர் ராபர்ட்சன், மில்வாக்கியில் கரீமோடு சேர்ந்து 1971 பட்டத்தை வென்றவர். 1976இல்தான் சமரசம் வந்தது, முழுமையான சுதந்திரம் 1988இல்தான் வந்தது. இன்று வீரர்களுக்கு இருக்கும் ஒவ்வொரு உரிமையும் யாரோ நீதிமன்றத்தில் நின்று வாங்கிக் கொடுத்தது, அணிகள் தாமாகக் கொடுத்தது எதுவும் இல்லை.

எங்கே அநியாயம் ஆகிறது

எதிர்த்தரப்பில் ஒரு பலமான வாதம் இருக்கிறது, அதை மதித்துத்தான் பேச வேண்டும். என்பிஏ ஒப்பந்தங்கள் பெரும்பாலும் உத்தரவாதமானவை. காயம் பட்டாலும், ஃபார்ம் போனாலும், அணி துரத்திவிட்டாலும் பணம் வந்தே தீரும். வாஷிங்டனின் ஜான் வால் 2017இல் நான்கு வருட உச்ச ஒப்பந்தம் போட்டார், அப்புறம் குதிகால் தசைநார் அறுந்து 2019-20 சீசனில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை, ஒப்பந்தப் பணத்துக்கு எந்த ஆபத்தும் வரவில்லை. அணி அந்த ஆபத்தைத் தன் தலையில் ஏற்கிறது. அதற்குப் பதிலாக அது எதிர்பார்ப்பது இவர் இங்கே இருப்பார் என்ற நிச்சயம். நல்லது நடந்தால் நான் போய்விடுவேன், கெட்டது நடந்தால் நீ பணம் கொடு என்றால் அது ஒருதலைப்பட்சம்தான்.

அதனால் நான் முதலில் பார்ப்பது, கையெழுத்துப் போட்டு எத்தனை நாள் ஆகிறது என்பதை. டுரான்ட் 2021 ஆகஸ்டில் புரூக்ளினோடு நான்கு வருட நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டு, அது நடைமுறைக்கு வரும் முன்பே, 2022 ஜூன் கடைசியில் டிரேட் கேட்டார். அவரைத் தக்கவைத்தாயிற்று என்று நம்பித்தான் அணி மற்ற எல்லாவற்றையும் திட்டமிட்டிருக்கும். இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. 2016இல் ஒப்பந்தம் முடிந்து போனதற்காக அவரைத் துரோகி என்று திட்டிய கூட்டம் பெரியது, ஆனால் அங்கே அவர் செய்தது முழுக்கச் சரி, 2022இல் செய்ததுதான் தவறு. ஜனங்கள் தலைகீழாகக் கோபப்பட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்தது, கேட்ட பிறகு ஆடுகிறாரா என்பது. ஜேம்ஸ் ஹார்டன் ஹூஸ்டனில் 2020 கடைசியில் பயிற்சி முகாமுக்கே தாமதமாக வந்தார், வந்தபின் அரை மனதோடு ஆடினார், 2021 ஜனவரியில் ஓர் ஆட்டம் முடிந்ததும் இந்த அணி தேறாது என்ற தொனியில் கேமரா முன்னால் பேசினார், மறுநாள் புரூக்ளினுக்கு டிரேட் ஆனார். ஒரு வருடம் கழித்து அங்கிருந்து ஃபிலடெல்ஃபியா, 2023இல் அங்கிருந்து கிளிப்பர்ஸ். மூன்று வருடத்துக்குள் மூன்று அணியிலிருந்து இப்படி வெளியேறினால், பிரச்சினை அணிகளிடம் மட்டும் இருக்க முடியாது. ஜிம்மி பட்லர் 2025 ஜனவரியில் மயாமியில் அடுத்தடுத்து சஸ்பெண்ட் ஆகி, பிப்ரவரியில் கோல்டன் ஸ்டேட்டுக்குப் போனதும் இதே வகைதான். பென் சிம்மன்ஸின் விஷயத்தை மட்டும் இதோடு சேர்க்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. நான்கு வருட ஒப்பந்தம் மீதியிருக்க 2021-22 சீசனில் ஃபிலடெல்ஃபியாவுக்கு ஆட மறுத்தார் என்பது உண்மை, ஆனால் மனநலம் சரியில்லை என்று அவரே சொன்னார். ஒருவர் அப்படிச் சொல்லும்போது வெளியே இருந்து தீர்ப்புச் சொல்ல நாம் யார்?

ஆடாமல் அடம்பிடிப்பது ஏன் மோசம் என்றால், அடி உரிமையாளர் மேல் விழுவதே இல்லை. அணியின் மதிப்பு வருடாவருடம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. அடி விழுவது பக்கத்தில் நின்று ஆடும் சக வீரர்கள் மேல், பயிற்சியாளர் மேல், டிக்கெட் வாங்கிக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் மேல்.

அப்புறம், ஒரே ஒரு ஊரைச் சொல்லி அடம்பிடிப்பது. டேமியன் லில்லார்ட் 11 சீசன் போர்ட்லாந்தில் ஆடியவர், லீக்கிலேயே விசுவாசத்துக்குப் பேர் போனவர். அணி இளைஞர்களை வைத்துப் புதிதாகத் தொடங்க முடிவெடுத்ததும், 2023 ஜூலையில் டிரேட் கேட்டார். கேட்க அவருக்கு முழுத் தகுதி உண்டு. ஆனால் மயாமி மட்டும்தான், வேறு யாரும் வாங்க வராதீர்கள் என்று அவருடைய ஏஜென்ட் மற்ற அணிகளிடம் சொன்னார். அப்படிச் சொன்னால் போர்ட்லாந்து மயாமி கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான், பேரத்துக்கே இடமில்லை. லீக் எச்சரிக்கை அனுப்பியது, போர்ட்லாந்தும் அசையவில்லை, செப்டம்பரில் அவரை மில்வாக்கிக்குக் கொடுத்தது. போக விரும்புகிறேன் என்று சொல்வது வேறு, எங்கே போவது, என்ன விலை என்பதையும் நானே எழுதுவேன் என்பது வேறு.

கேட்காமலே மாறுகிறவர்கள்

இந்தப் பேச்சில் யாரும் கவனிக்காத ஒரு கூட்டம் இருக்கிறது. டிரேட்டில் இரண்டு பக்கச் சம்பளமும் ஏறக்குறைய பொருந்த வேண்டும் என்று விதி. அதனால் பெரிய சம்பளக்காரர் ஒருவர் நகர வேண்டுமானால் எதிர்ப்பக்கத்திலிருந்து மூன்று நான்கு பேர் நகர வேண்டும். அவர்கள் எதையும் கேட்டவர்கள் இல்லை.

2019 பிப்ரவரியில், டேவிஸை வாங்க லேக்கர்ஸ் யார் யாரைக் கொடுக்கத் தயார் என்று பெயர்கள் தினமும் செய்தியில் வந்துகொண்டிருந்த வாரத்தில், லேக்கர்ஸ் இண்டியானாவில் ஆடப் போனது. பிராண்டன் இங்கிரம், 21 வயதுப் பையன், ஃப்ரீ த்ரோ போட நிற்கும்போது அரங்கமே, லேக்கர்ஸின் பெரிய நட்சத்திரமான லெப்ரானைச் சொல்லி, "லெப்ரான் உன்னை டிரேட் செய்யப் போகிறார்" என்று பாடியது. லேக்கர்ஸ் அன்று 42 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. கோடையில் இங்கிரம், லான்சோ பால், ஜாஷ் ஹார்ட் மூவரும் நியூ ஆர்லியன்ஸுக்குப் போனார்கள். லில்லார்டுக்காக மில்வாக்கி கொடுத்தவர் ஜூரூ ஹாலிடே, இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த ஊருக்கு சாம்பியன்ஷிப் வாங்கிக் கொடுத்தவர். முதலில் போர்ட்லாந்து, சில நாளிலேயே அங்கிருந்து பாஸ்டன். பாஸ்டனில் 2024 பட்டம் கிடைத்தது என்பது நல்ல விஷயம், ஆனால் அனுப்பியபோது யாரும் அதை நினைத்து அனுப்பவில்லை. ஹார்டனின் 2021 டிரேட்டில் நான்கு அணிகள் சேர்ந்திருந்தன, அதில் புரூக்ளினிலிருந்து இண்டியானாவுக்குப் போனவர் காரிஸ் லெவர்ட். போன இடத்தில் வழக்கமான மருத்துவப் பரிசோதனையில் அவருடைய சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி இருப்பது தெரிந்து, உடனே அறுவை சிகிச்சை செய்து, மார்ச்சில் மறுபடி ஆட வந்தார். அந்த டிரேட் தன் உயிரையே காப்பாற்றியிருக்கலாம் என்று அவர் சொன்னார். இப்படியும் நடக்கிறது.

நட்சத்திரத்தை இழந்த அணிக்கு எப்போதும் அழிவுதான் என்பதும் சரியில்லை. 2019இல் பால் ஜார்ஜ் ஓக்லஹோமாவிடம் தன்னை கிளிப்பர்ஸுக்கு அனுப்பச் சொன்னார். முந்தைய வருடம்தான் நான்கு வருட ஒப்பந்தம் போட்டவர், ஆகவே என் அளவுகோலில் அவர் செய்தது நியாயமில்லை. பதிலுக்கு ஓக்லஹோமா வாங்கியது ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் என்ற இளைஞரையும், கலினாரியையும், ஐந்து முதல் சுற்றுத் தேர்வுகளையும். அதில் ஒரு தேர்வில் 2022இல் எடுத்தவர் ஜேலன் வில்லியம்ஸ். 2025இல் ஷே லீக்கின் சிறந்த வீரர், ஓக்லஹோமா சாம்பியன். கிளிப்பர்ஸ் இன்னும் ஓர் இறுதிப்போட்டியைக்கூடப் பார்க்கவில்லை.

என்ன செய்யலாம்?

இதற்கு விதியிலேயே ஒரு வழி வைக்கலாம் என்பது என் கட்சி. 2017 முதல் சூப்பர்மேக்ஸ் என்று ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. தன்னை வளர்த்த அணியிலேயே தங்கும் நட்சத்திரத்துக்கு, வழக்கமாகப் பத்து வருட அனுபவத்துக்குத் தரும் 35 சதவீதத்தை முன்கூட்டியே தரலாம். தங்குவதற்காகத் தரும் பணம் அது. ஆனால் அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டு மறுவருடமே டிரேட் கேட்பதை எதுவும் தடுப்பதில்லை, கொஞ்ச காலம் போனதும் அணி அவரை வேறு ஊருக்குத் தள்ளிவிடுவதையும் எதுவும் தடுப்பதில்லை. சூப்பர்மேக்ஸ் போடும் ஒவ்வொருவருக்கும் சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது என்ற பாதுகாப்பு தானாகவே கிடைக்கட்டும், பதிலுக்கு முதல் மூன்று வருடம் அவரும் டிரேட் கேட்கக் கூடாது, கேட்டுவிட்டு ஆடாமல் இருந்தால் அந்த ஆட்டங்களுக்கான சம்பளம் முழுக்கப் போகட்டும். இரண்டு பக்கமும் கட்டுப்பட்டால்தான் அது ஒப்பந்தம்.

இது நடக்காத காரியம் இல்லை. லில்லார்ட் மில்வாக்கியில் குதிகால் தசைநார் அறுந்து, 2025 ஜூலையில் அந்த அணி அவரை விடுவித்தபோது, திரும்பிப் போனது போர்ட்லாந்துக்குத்தான், மூன்று வருடம், 4.2 கோடி டாலர். அவரை இனி அவருடைய சம்மதம் இல்லாமல் டிரேட் செய்ய முடியாது என்பதையும் அந்த ஒப்பந்தத்தில் சேர்த்துக் கொடுத்தார்கள். விருப்பம் இருந்தால் ஓர் அணியால் அதை எழுதிக் கொடுக்க முடிகிறது. லீக்குக்கும் வீரர் சங்கத்துக்கும் இடையிலான இப்போதைய ஒப்பந்தம் 2029-30 சீசன் வரை, இரண்டில் எந்தப் பக்கம் நினைத்தாலும் ஒரு வருடம் முன்பே முடித்துக்கொள்ளலாம். அந்தப் பேச்சு மேசையில் வீரர் சங்கம் சம்பள சதவீதத்துக்கு முன்னால் இதைத்தான் முதலில் வைக்க வேண்டும்.